பெட்ரோல் டேங்க் மேல் ஒரு ஒற்றர்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிட மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் அப்பா அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்து, போன தடவையை விட இலேசாக இருக்கிறது என்பார். ஒவ்வொரு தடவையும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். அது உண்மையாக இருந்திருந்தால் இந்நேரம் சிலிண்டர் பறந்துகொண்டிருக்க வேண்டும். பூக்கார அக்கா முழம் போடும்போது அம்மா பூவைப் பார்க்க மாட்டாள், அந்த அக்காவின் முழங்கையைத்தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால் என்ன விசேஷம் என்று விசாரித்து முடிக்கிறவரை ஒருவரும் டம்ளரைத் தொடக் கூடாது. காளவாசலுக்குப் பின்னால், பஸ் ஹாரன் அடுப்படி வரைக்கும் கேட்கிற ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அதில் வளர்ந்த எனக்கு எட்டொன்பது வயதிலேயே எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அதனால் ஏமாளி என்று பட்டம் கட்டி, வெண்டைக்காய் வாங்கக்கூட அவரை அனுப்ப மாட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே செல்லம் அவருடைய வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்து முடிக்கும்போது அவருடைய கூட்டாளிகளின் வண்டிகள் சந்து முனையில் உறுமிக்கொண்டு நிற்கும். அழகர்கோவில், வைகை அணை, குமுளி என்று வாரம் ஒரு பக்கம் போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று அப்பா ஒவ்வொரு வாரமும் கேட்பார். மாமாவும், "சும்மா போயிட்டு வாரோம் மச்சான்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் சும்மா போவான் என்பதை அப்பாவால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் சேவியர் அண்ணனுக்கு மட்டும் வண்டி கிடையாது. முன்பு இருந்தது. அதை அவர் ஓட்டிய ஓட்டத்தில் ஒரு தடவை ஆரப்பாளையம் பக்கம் விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய அப்பா வண்டியை விற்றுவிட்டு, மகனை பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, இனி ஜென்மத்துக்கும் ஹேண்டில்பாரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். பின்னால் உட்கார்ந்து போக மட்டும் அனுமதி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாமாவின் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்வார். மாமா மெதுவாக ஓட்டுகிறவர். "மாப்ள, பின்னாடி ஒரு மாட்டு வண்டி ஹாரன் அடிக்குது, ஒதுங்கி வழி விடு" என்று சேவியர் அண்ணன் அவர் தோளில் தட்டுவாராம். எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்குக் கடலை மிட்டாய் கொண்டுவருவார். உறையைப் பிரித்து முதலில் ஒரு கடி அவர் கடித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார். எங்கள் வீட்டுக் குணம் அவருக்கு அத்தனை நன்றாகத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவாதவூரில் கூட்டாளி ஒருவர் வீட்டில் கிடா வெட்டு என்று எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ஒத்தக்கடையைத் தாண்டி அந்த ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் வயல். அறுப்புக் காலத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து தார்ரோட்டிலேயே பரப்பிப் போட்டிருப்பார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறி இறங்கினால் ஆள் கூலி இல்லாமல் உளுந்து உதிர்ந்துவிடும். பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. இரண்டு சக்கர வண்டிக்கு அது எண்ணெய் கொட்டிய தரை. ஒரு வளைவில் மாமாவின் வண்டி அதன் மேல் ஏறி வழுக்கி வலது பக்கம் சாய்ந்தது. சேவியர் அண்ணன் தூக்கி எறியப்பட்டு, சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதி அங்கேயே இறந்துபோனார். மாமாவின் கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது, கையும் முறிந்தது. மற்ற வண்டிகள் முன்னால் போய்விட்டிருந்தன. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

செய்தி வந்தபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவு பிரியமாக இருந்த ஒருவர் திடீரென்று இல்லாமல் போவது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அம்மா பிறகு பல பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமா ஸ்ட்ரெச்சரில் கிடக்க, சேவியர் அண்ணனின் அப்பா பக்கத்தில் வந்து நின்றாராம். அழவில்லை, திட்டவில்லை. "யாருப்பா ஓட்டுனது?" என்று அதை மட்டும் கேட்டாராம். "நாந்தேம்ப்பா" என்று மாமா சொன்னாராம். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாராம். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் மாமா அதையே சொன்னார். கேஸ் போட்டார்கள்.

அத்தோடு எங்கள் வீட்டில் சந்தேகத்துக்குத் திருவிழா ஆரம்பித்தது. குடித்திருப்பார்களோ என்று சித்தப்பா கேட்டார். வேகமாகப் போயிருப்பார்கள் என்று பெரியப்பா சொன்னார். மாமாவுக்குப் பெண் கொடுப்பதாக வாய்ப்பேச்சு முடித்திருந்த வீட்டுக்காரர்கள், ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்ததில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். கூட ஏற்றிக்கொண்டு போனவனைக் கொன்றவன் என்று தெருவில் இரண்டு பேர் பேசியதை நானே கேட்டேன். அப்பா மட்டும் காரியத்தில் கண்ணாக ஒரு யோசனை சொன்னார்.

"செத்தவன் ஓட்டுனான்னு சொல்லிட்டா யாருக்கு என்ன நட்டம்? அவனைய என்ன ஜெயில்லயா போடப் போறாங்க? பார்த்தவன் எவனும் இல்ல. உனக்கும் கேஸ் இல்ல."

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவினார். "நாந்தேன் ஓட்டுனேன் மச்சான். இனிமே அதைப் பேசாதீங்க" என்று எழுந்து போனார். தானாக வலிய வந்து விழுந்த நல்ல யோசனையை ஒருவன் இப்படித் தள்ளினால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அப்பா அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்வதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

கை கூடிய பிறகும் மாமா வண்டிப் பக்கமே போகவில்லை. பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். சும்மா நின்றால் வண்டி வீணாகும், வேலைக்கும் வீட்டுக்கும் அது வேண்டும் என்று அப்பாதான் சாவியைக் கையில் திணித்தார். அம்மா அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். எங்கே போனாலும் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். "பிள்ளை முன்னாடி உக்காந்திருந்தா எந்த ஆம்பளையும் முறுக்க மாட்டான்" என்பது அவள் கணக்கு. ஆகவே காலையில் என்னை டேங்க் மேல் உட்கார வைத்து, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டுக் கடைக்குப் போவார். சாயங்காலம் திரும்ப அப்படியே. என் கண்ணுக்கு நேராக ஸ்பீடா மீட்டர். முள் முப்பதைத் தாண்டினால் வந்து சொல்லவேண்டும் என்று எனக்கு உத்தரவு. அது முப்பதைத் தொட்டதே இல்லை. சைக்கிளில் இட்லி விற்கிறவர்கூட எங்களை முந்திக்கொண்டு போவார். சொல்ல ஒன்றுமே கிடைக்காமல் எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஜூன் மாதத்தில் நாலாம் வகுப்புக்குப் போனேன். அந்த வகுப்புக்கு டீச்சர், சேவியர் அண்ணனின் அம்மா.

வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாமா என்று வீட்டில் இரண்டு மூன்று நாள் கூடிப் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்தவர், கொன்றவனின் அக்காள் மகளை என்ன பாடு படுத்துவாரோ என்று பயம். ஆனால் டீச்சர் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். என் பென்சில் உடைந்தபோது புதிதாக ஒன்று கொடுத்தார். அதை வீட்டில் காட்டியதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அடித்திருந்தால்கூட அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். கேஸ் நடக்கிற நேரத்தில் எதிர்த்தரப்பு பென்சில் கொடுக்கிறதென்றால் என்ன அர்த்தம்?

"உன்கிட்ட எதையோ கறக்கப் பாக்குறாங்க. மாமாவைப் பத்தி என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. ஆனா என்ன கேட்டாங்கன்னு வந்து எங்கிட்டச் சொல்லிரணும், சரியா?"

சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டில் முதல் தடவையாக என்னையும் ஓர் ஆளாக மதித்திருந்தார்கள்.

டீச்சர் அடிக்கடி கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிடப் போகும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, மாமா நன்றாகச் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்பார். தெரியாது டீச்சர் என்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதுகூடத் தெரியாதா என்று அவர் கேட்டதே இல்லை. பேசாமல் என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிடுவார். காலையில் நாங்கள் வந்து இறங்கும்போது ஜன்னலருகே நின்று அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருந்தேன். மாமா நிமிர்ந்து பார்த்ததில்லை. என்னை இறக்கிவிட்டதும், யாரோ விரட்டுவது போல வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் டீச்சர் ஒரு புதுக் கேள்வி கேட்டார்.

"உங்க மாமா ஏன் இம்புட்டு மெதுவா ஓட்டுறான்? அன்னைக்கு விழுந்த பயமா?"

இதற்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமா வேகமாக ஓட்டித்தான் சேவியர் அண்ணன் செத்தார் என்று ஊரே பேசுகிறது. டீச்சரும் அப்படித்தான் நினைக்கிறார் போல. மாமாவைக் காப்பாற்ற இதை விட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது.

"இல்ல டீச்சர், மாமா எப்பவுமே அப்படித்தான். முந்தியே அப்படித்தான். சேவியர் அண்ணன்கூட மாட்டு வண்டின்னு கேலி பண்ணும். குடுறா நான் ஓட்டிக் காட்டுறேன்னு சண்டை போடும். எங்க மாமா குடுக்காது."

டீச்சர் என் ரிப்பனைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். நான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, போய்ச் சாப்பிடு என்றார். ரிப்பனைக் கட்டாமலேயே விட்டுவிட்டார்.

வருஷ நினைவு நாள் நெருங்கியது. கூட்டாளிகள் காளவாசல் சிக்னலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வாழ்நாளில் கோட்டே போடாத சேவியர் அண்ணன் அதில் நீலக் கோட்டு போட்டு டை கட்டிக்கொண்டு மேகத்துக்கு நடுவில் நின்றார். கீழே வரிசையாகக் கூட்டாளிகளின் சின்னச் சின்னப் போட்டோக்கள். மாமாவுடையது மட்டும் இல்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் நான் அதை அண்ணாந்து பார்ப்பேன். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போட்டோவையும் போட்டிருக்கலாம் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் என்னிடம், "ஞாயித்துக்கெழமை வீட்டுல ஜெபம். உங்க மாமாவை வரச் சொன்னேன்னு சொல்லு. கண்டிப்பா வரணும்" என்றார்.

இதைச் சொன்னதும் வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கூட்டம் போட்டார்கள். கூப்பிட்டு வைத்து நாலு பேரை விட்டு அடிக்கப் போகிறார்கள் என்றார் அப்பா. நாலு பேர் முன்னால் ஏதாவது பேச வைத்து செல்போனில் பதிவு செய்து கோர்ட்டில் கொடுக்கப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். போகவே கூடாது என்று முடிவாகும்போது மாமா வாயைத் திறந்தார். அவர் கூட்டத்தில் பேசியது அன்றைக்குத்தான்.

"நான் போறேன்க்கா. அடிச்சா வாங்கிக்கிறேன்."

அதற்கு மேல் அவரைத் தடுக்க முடியவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்த் தலை சீவிக்கொண்டே உபதேசம் செய்தாள். மாமாவை விட்டு ஓரடி நகரக் கூடாது. யார் என்ன பேசினாலும் அப்படியே மனதில் பதித்துக்கொண்டு வரவேண்டும். காபி கொடுத்தால் குடிக்கக் கூடாது, அதில் மருந்து வைத்துவிடுவார்கள். மருந்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அவங்க சொல்றதெல்லாம் நாம கேப்போம்" என்றாள் அம்மா.

ஞானஒளிவுபுரத்தில் அவர்கள் வீடு. வாசலில் ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியதும் பேச்சு நின்றது. கூட்டாளிகள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெபமாலை சொல்லி முடிக்கிறவரைக்கும் மாமா செருப்பு கிடந்த இடத்திலேயே நின்றார். முடிந்ததும் சேவியர் அண்ணனின் அப்பா கையைக் காட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்க, மாமா அவருக்கு முன்னால் போய் நின்றார். அடி விழப்போகிறது என்று நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியா எம் மகன் என்னப்பா பண்ணிக்கிட்டு வந்தான்?" என்று அவர் கேட்டார்.

மாமா சொன்னார், "பின்னாடி உக்காந்து பாடிக்கிட்டே வந்தாம்ப்பா."

அந்தக் கிழவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்கள்ல? எனக்குக் குடுத்த சத்தியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாத்துனான். சின்ன வயசுலேர்ந்து சொன்ன பேச்சுக் கேக்காத பய. இது ஒண்ணை மட்டும் கேட்டான்" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "உன்னைய என்னால மன்னிக்க முடியலப்பா. முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தக் கிழவர் மேல் ஆத்திரமாக வந்தது.

டீச்சர் வந்து மாமாவை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓரடி நகரக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் நானும் கூடவே போனேன். இரண்டு டம்ளர்களில் காபி ஊற்றினார். மாமா யோசிக்காமல் வாங்கிக் குடித்தார். நான் என்னுடையதை சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"கால் ஆறிருச்சாப்பா?"

"ஆறிருச்சும்மா."

"காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுன்னு சொல்றேன்ல." வீட்டுப்பாடம் செய்யாதவனிடம் பேசுகிற அதே குரல். மாமா வலது கால் பேன்ட்டை முழங்கால் வரை ஏற்றினார். கெண்டைக்காலின் உள்பக்கம், என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்துச் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. வீட்டில்கூட அவர் அதை எங்களுக்குக் காட்டியதில்லை.

"சைலன்சரா?"

"ஆமாம்மா. வண்டி மேல சாஞ்சிருச்சு."

டீச்சர் தரையில் உட்கார்ந்து அந்தத் தழும்பை ஒரு விரலால் தொட்டார். "சேவியருக்கு இதே எடத்துல இருந்துச்சு. ஆறாங்கிளாஸ் படிக்கையில, அவங்க அப்பாவுக்குப் பின்னாடி உக்காந்து வாரப்ப சுட்டுக்கிட்டான். நான்தான் மருந்து போட்டுவிட்டேன். பின்னாடி உக்காந்தவனுக்குத்தான் இங்க சுடும். முன்னாடி உக்காந்தவனுக்கு எப்படிப்பா சுட்டுச்சு?"

மாமா டம்ளரை வைக்க இடம் தேடுவது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எம் பிள்ளை எனக்குத் தெரியாதா? அவன் அம்புட்டுத் தூரம் பின்னாடி உக்காந்து வர்ற பிள்ளையாப்பா?"

மாமா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் தேம்பித் தேம்பி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கொஞ்ச தூரம்னுதேம்மா கேட்டான்" என்று சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டீச்சர் எழுந்து அவர் வாயைத் தன் கையால் பொத்தினார். வெளியே ஷாமியானாவில் கிழவர், அப்போதுதான் வந்த யாரிடமோ, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மகனைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"கேக்கக் கூடாததைக் கேக்குறேன்ப்பா" என்றார் பிறகு. "நீதான் ஓட்டுன. அவரு எப்பக் கேட்டாலும் இதையே சொல்லணும். கோர்ட்டுலயும் இதையேதான் சொல்லணும். மாத்திச் சொல்லிருவியா?"

"மாட்டேம்மா."

"சத்தியமா?"

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கட்டை விரலால் மாமாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அம்மா சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று மாமா குடித்த டம்ளரைப் பார்த்தேன். காபி குடித்துச் சரியாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர்கள் சொல்வதற்கெல்லாம் மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். காபி கொடுத்தது, தழும்பைப் பார்த்தது, மாமா அழுதது, நான்தான் ஓட்டினேன் என்று கோர்ட்டில் சொல்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டது, நெற்றியில் என்னவோ தடவியது. சேவியர் அண்ணன் கொஞ்ச தூரம் போகலாம் என்று கேட்டாராம் என்றும் சொன்னேன். அது ஒன்றும் முக்கியமாகப் படவில்லை, எனக்கும் சரி, அவளுக்கும் சரி.

"பார்த்தீங்களா?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் அப்பா. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மாமாவை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"கூறு கெட்டவனே, கேஸ் நடக்கையில யாராச்சும் இப்படிச் சத்தியம் பண்ணிக் குடுப்பாங்களா? உன் வாயாலயே உன்னைய மாட்டிவிடப் பாக்குறாங்கடா!"

"அவங்களுக்கு என்னைய நல்லாத் தெரியும்க்கா" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படியோ இருந்தது. சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பட்டப்பகலில், டிவி ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், வெறுந்தரையில் படுத்தார். படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்துவிட்டது.

கேஸ் அபராதத்தோடு முடிந்தது. வேறு டீச்சரிடம் மாற்ற வழியில்லாமல், அந்த வருஷம் முடிகிறவரை அம்மா என்னைப் பயந்து பயந்துதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். மாமாவுக்குப் பெண் கிடைக்க வெகுநாள் ஆனது. விசாரிக்கிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அந்த விபத்தைச் சொல்லிவிடுவார்கள். கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு தோழியின் வண்டியில் பின்னால் போய் இறங்கும்போது சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டேன். ஹாஸ்டலில் கட்டிலில் உட்கார்ந்து மருந்து தடவும்போதுதான், கெண்டைக்காலின் உள்பக்கத்தைப் பார்த்தபடி, கொஞ்ச தூரம் என்று சேவியர் அண்ணன் கேட்டது எதை என்பது எனக்கு விளங்கியது. சேவியர் அண்ணனின் அப்பா இறந்த பிறகு ஒரு நாள் மாமாவிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். "நாந்தேன் ஓட்டுனேன்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வருஷமாக ஊர் முழுக்க அவரைக் கொலைகாரனைப் போலப் பார்த்தது. தான் ஓட்டவில்லை என்று அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் செத்துப்போன கூட்டாளி தன் அப்பாவிடம் பொய்யனாகிவிடுவான். அப்படியிருக்க, அவர் வாய் திறக்காமலேயே ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதுவும் அவர் யார் முகத்தில் விழிக்கப் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினாரோ, அந்த மகனைப் பெற்றவரே கண்டுபிடித்துவிட்டார். இனி மற்றவர்கள் என்ன நினைத்தால் என்ன என்று ஒரு மனிதனுக்கு ஆகிவிடும் என்பதோ, அதற்குப் பிறகு அவனுக்கு அப்படியொரு தூக்கம் வரும் என்பதோ எனக்கு எட்டவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய மாமாவை, பாவம், நல்லா ஏமாந்துட்டார் என்று அம்மாவோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.